வராத பிள்ளைகளின் பெயர்

ஜெபமாலையின் முதல் பத்து மணி பிசகில்லாமல் முடிந்தது. மாதாவே உமக்குத் தோத்திரம் என்று சிஸ்டர் எமரென்சியா உள்ளுக்குள் ஒரு மூச்சு விட்டுக்கொண்டார், விட்ட கையோடு அடுத்தது என்ன என்ற கேள்வி வந்து நின்றது. இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, செவ்வாய் என்றால் துயர மறைபொருள்கள், தோட்டத்தில் இரத்த வேர்வை வேர்த்தது ஆயிற்று, இனிக் கற்றூணில் கட்டி அடித்தது, ஆமாம், அதுதான், கற்றூண். சொல்லிவிட்டார். குரல்கூட நடுங்கவில்லை. பின்னால் பெஞ்சுகளில் இருந்த கன்னியர்கள் பதில் சொல்லத் தொடங்கினார்கள். இந்த ஜெபமாலை ரொம்ப நல்ல ஏற்பாடு, முன்னால் நிற்கிறவர் பாதி சொன்னால் போதும், மீதியை மற்றவர்கள் சொல்லி முடிப்பார்கள், அந்த இடைவெளியில் முழங்காலைத் தேய்த்துக்கொள்ளலாம், கொசுவை விரட்டிக்கொள்ளலாம், மனசு அதுபாட்டுக்கு எங்கேயாவது போய்விட்டுப் பதில் முடிவதற்குள் திரும்பி வந்துவிடலாம். ஐம்பது வருஷமாக அப்படித்தான் போய் வந்துகொண்டிருக்கிறது. ஆனால் இன்றைக்குப் போகக்கூடாது. மனசே, இன்றைக்கு ஒரு நாள் மட்டும் இந்தக் கோவிலை விட்டு வெளியே கால் வைக்காதே, உனக்குப் புண்ணியமாய்ப் போகும், கடைசி பெஞ்சில் மதர் புரொவின்ஷியல் உட்கார்ந்திருக்கிறார். மாகாணத்தில் இருக்கிற அத்தனை மடங்களுக்கும் அவர்தான் தலைவி, எந்தக் கன்னியர் எந்த ஊரில் இருப்பது, யார் இனிமேல் எங்கேயும் வேலை செய்யவேண்டாம் என்று முடிவு செய்வது எல்லாம் அவர். மதியம் வந்து இறங்கினார். எல்லாரிடமும் சிரித்தார். எமரென்சியாவிடம் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார், அந்தக் கூடுதல்தான் நல்லதாகப் படவில்லை.

மடத்துத் தலைவி சிஸ்டர் ஜாய்ஸ் பாவம், நல்ல பிள்ளை, எதையும் ஒளித்துவைக்கத் தெரியாது. காப்பி நேரத்தில் சாப்பாட்டு அறையின் ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். “சிஸ்டர், இன்னைக்கு ஜெபமாலை நீங்கதான் சொல்லணும். மதர் உங்களைப் பாக்கத்தான் வந்திருக்காங்க. கேஸைத் திறந்து விட்டுட்டு உப்பளத்துக்குக் கிளம்பிப் போனீங்கள்லா, ஞாயித்துக்கிழமை அன்னைக்கு வகுப்புன்னு நெனச்சுக் கொட்டகையில தனியா உக்காந்திருந்தீங்கள்லா, எல்லாம் நான் சொல்லிட்டேன். சொல்லாம இருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க? ஆனா ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு, வயசுக்கு உள்ளதுதான்னும் சொல்லியிருக்கேன். ஜெபமாலையையும் மாதா பிரார்த்தனையையும் மட்டும் தப்பில்லாம சொல்லி முடிச்சிடுங்க. மத்ததை நான் பேசிக்கிடுதேன்.” தப்பிவிட்டால் என்ன என்று எமரென்சியா கேட்கவில்லை. தப்பிவிட்டால் ஓய்வு இல்லம். அது இரண்டு பேருக்கும் தெரியும். கேஸ் விஷயத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது, பால் வைக்கப் போனது ஞாபகம் இருக்கிறது, தீக்குச்சி தேடியது ஞாபகம் இருக்கிறது, அப்புறம் பார்த்தால் உப்பளத்து வரப்பில் நடந்துகொண்டிருக்கிறார், நடுவில் இருந்ததை யாரோ கத்திரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நல்லவேளையாக மடத்தில் எல்லாருக்கும் சின்னவள் ஆக்னஸுக்கு மூக்கு கூர்மை. ஆ, மணி எங்கே இருக்கிறது? விரல் மணியைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. விரலுக்கு இருக்கிற புத்தி தலைக்கு இல்லை. அருள் நிறைந்த மரியே வாழ்க.

ஓய்வு இல்லத்தைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். மலையடிவாரத்தில் நல்ல காற்று, ரோஜாச் செடி, நேரத்துக்குக் கஞ்சி, வாரத்துக்கு ஒரு தடவை டாக்டர், டிவி கூட வைத்திருக்கிறார்கள். போன வருஷம் சிஸ்டர் கான்சப்தாவைப் பார்க்கப் போனபோது ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்ததும் பிரித்தார், திரும்ப மடித்தார். கணக்கு டீச்சராக இருந்தபோது பள்ளிக்கூடமே நடுங்கும், அந்தக் கான்சப்தா. “யாரு, வேதக்கோயில் தெருப் பிள்ளையா?” என்று கேட்டார். இல்லை சிஸ்டர், எமரென்சியா. “ஓ, எமரென்சியா. நல்ல பிள்ளை. செத்துப்போச்சுல்லா?” என்றார். அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது வயிறு வலிக்கச் சிரித்தார் எமரென்சியா, மதுரை தாண்டியதும் அழுதார். செத்துப்போவதற்குப் பயமில்லை, அதற்குத்தானே இந்த மோதிரத்தைப் போட்டுக்கொண்டு இத்தனை வருஷம் காத்திருப்பது, ஆனால் செத்துப்போவதற்கு முன்னால் ஒரு கைக்குட்டையும் ஒரு ஜன்னலும் மட்டும் மிச்சம் இருக்கும் என்றால் அது பயம். அதுவும் ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் இல்லாத இடம். ரோஜாச் செடிக்கு அ சொல்லிக்கொடுக்க முடியுமா? கீழ்ப்படிதல் என்று வார்த்தைப்பாடு கொடுத்திருக்கிறார், போ என்றால் போகவேண்டியதுதான், பெட்டியைக் கட்ட அரை மணி நேரம் கூட ஆகாது, இரண்டு அங்கி, ஒரு சால்வை, ஒரு செபப் புத்தகம். போவேன் மாதாவே, போகமாட்டேன் என்று சொல்லவில்லை. போகச் சொல்லாமல் இருந்தால் நன்றாயிருக்கும் என்றுதான் சொல்கிறேன். மூன்றாவது மறைபொருள். முள்முடி. பளிச்சென்று வந்தது. கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற மாதிரி முள்முடி என்று கொஞ்சம் அழுத்தியே சொன்னார், சொன்ன பிறகு ஆணவம் என்று தோன்றியதால் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

முள்முடி என்றதும் மாரிக்கனியின் தலை ஞாபகம் வந்தது, எண்ணெய் காணாத அந்தச் சுருட்டை மயிரில் சீப்பு நுழையாது, உப்புக்காற்றில் முறுக்கிக்கொண்டு நிற்கும், அவள் இப்போது ஆனா ஆவன்னா முடித்துக் கானா வரிசைக்கு வந்திருக்கிறாள், கொம்பு போடச் சொன்னால் மாட்டுக்குப் போடுகிற மாதிரி இரண்டு பக்கமும் போடுவாள். உப்பளத்துப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பது தனி வித்தை. அது முதல் மாதம் எமரென்சியாவுக்குத் தெரியாது. டவுனில் பெரிய கான்வென்டில் ரிப்பன் கட்டின பிள்ளைகளுக்கு இருபது வருஷம் பாடம் நடத்திவிட்டு, கேட்டு வாங்கிக்கொண்டு இங்கே வந்தார், எல்லாம் தெரியும் என்ற நினைப்போடு. கரும்பலகையில் வெள்ளைச் சாக்கட்டியால் எழுதினார். பிள்ளைகள் அத்தனையும் கண்ணை இடுக்கிக்கொண்டு தலையைத் திருப்பிக்கொண்டன. இதென்ன, பாடம் பிடிக்கவில்லையா, திமிரா என்று ஒரு வாரம் கோபப்பட்டார். அப்புறம் ஒரு நாள் வெயில் நேரத்தில் அவரே உப்புப் பாத்தி வரப்பில் நடந்து பார்த்தார், வெள்ளை வெள்ளை வெள்ளை, நாலு பக்கமும் உப்பு, வெயில் அதில் பட்டுக் கண்ணுக்குள் குத்துகிறது, கொட்டகைக்கு வந்து பலகையைப் பார்த்தால் எழுத்து ஒன்றுமில்லை, வெறும் மின்னல்தான். விடிந்ததிலிருந்து அப்பன் ஆத்தாளோடு உப்பைப் பார்த்துக்கொண்டே இருந்த கண்ணுக்குச் சாயங்காலம் இன்னும் கொஞ்சம் வெள்ளையைக் காட்டினால் அது என்ன செய்யும்? அன்றிலிருந்து நீலச் சாக்கட்டி, பச்சைச் சாக்கட்டி. அதுவும் வகுப்பு தொடங்குமுன் எல்லாரும் கண்ணை மூடிக் கையால் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் இருட்டில் இருக்கவேண்டும், அது முதல் பாடம். பார்க்கிறவர்கள் சாமி கும்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். பங்குச்சாமியார் ஒரு தடவை வந்தவர் பிள்ளைகளின் பக்தியைப் பார்த்து நெகிழ்ந்துபோய் மறையுரையிலேயே சொல்லிவிட்டார். எமரென்சியா திருத்தவில்லை. அதுவும் ஒரு செபம்தானே.

ஐயோ, சத்தம் நின்றுவிட்டது. பதில் முடிந்துவிட்டது, எல்லாரும் காத்திருக்கிறார்கள், மின்விசிறி மட்டும் கடக் கடக் என்று சுற்றுகிறது. மணி எத்தனையாவது? விரல் பெரிய மணியில் இருந்தது. அப்படியானால் பத்து முடிந்தது, பிதாவுக்கும், ஆமாம், பிதாவுக்கும் சுதனுக்கும். சொன்னார். கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிட்டார். யாராவது கவனித்திருப்பார்களோ? திரும்பிப் பார்க்கக் கூடாது. முன்னால் நிற்கிறவர் திரும்பினால் அது இன்னும் மோசம். ஒரு மூச்சு நேரம்தான் நின்றது, தொண்டை கரகரத்தது என்று நினைத்துக்கொள்வார்கள். வேண்டுமென்றால் ஒரு இருமல் போடலாம். போட்டார். இப்போது அது பொய் இருமல், மாதாவின் முன்னால் பொய் இருமல், வயசான காலத்தில் இது வேறு. நாலாவது, சிலுவை சுமந்து போனது.

அடுப்பு மறக்கிறது, கிழமை மறக்கிறது, மூக்குக்கண்ணாடி நெற்றியில் இருக்கும்போது தேடுகிறார், ஆனால் பிள்ளைகளின் பெயர் மறப்பதில்லை. அதற்குக் காரணம் உண்டு. கொட்டகையில் ரிஜிஸ்தர் கிடையாது, சர்க்கார் பள்ளிக்கூடமா என்ன, பெயர் கூப்பிடுவது வாயால்தான், தினமும் ஒரே வரிசை. இருக்கிற பிள்ளை “உள்ளேன் சிஸ்டர்” என்று எழுந்து நிற்கும். வராத பிள்ளைக்கு மற்ற பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து பதில் சொல்லவேண்டும், “வருவான்” என்று, பெண் பிள்ளையானால் “வருவாள்” என்று. ஆப்சென்ட் என்ற வார்த்தை அந்தக் கொட்டகையில் கிடையாது. காய்ச்சலில் கிடந்தாலும் வருவான், ஊருக்குப் போனாலும் வருவான். படிப்பை நிறுத்தி உப்பு வாரவோ தீப்பெட்டி ஒட்டவோ அனுப்பிவிட்ட பிள்ளைகளின் பெயரையும் எமரென்சியா அடிப்பதில்லை. அவர்களை வரிசையின் கடைசிக்குக் கொண்டுபோவார், அவ்வளவுதான். கடைசியில் அந்தப் பெயர்களாக வரும்போது கொட்டகையே வருவாள் வருவாள் வருவான் என்று அதிரும், அந்தச் சத்தத்தோடுதான் பாடம் தொடங்கும். சில பிள்ளைகள் வரவும் செய்தன. இரண்டு வருஷம் கழித்து ஒருத்தி வந்து வாசலில் நின்றாள், “இன்னமும் எம்பேரைக் கூப்பிடுதீங்களாம், எந்தம்பி சொன்னான்” என்று. அவள் இப்போது பெரிய மனுஷி, ஆஸ்பத்திரியில் மாத்திரை அட்டையைத் திருப்பித் தேதியை வாசித்துவிட்டு இது பழசு, வேறே குடுங்க என்று சண்டை போடுகிறாளாம், கேட்டபோது எமரென்சியாவுக்குத் தலைகால் புரியவில்லை. வராத பிள்ளைகள்தான் அதிகம். அதை மறைத்து என்ன. எவ்வளவு பேருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாலும் பாதிப்பேர் அதே பாத்தியில் அதே உப்பைத்தான் வாருகிறார்கள், கால் வெடித்து, கண் மங்கி. அப்படியானால் இந்த வாழ்க்கை எதற்கு ஆச்சு, எமரென்சியா? இந்தக் கேள்வி சாயங்காலத்தில்தான் வரும், அதுவும் செபத்துக்கு நடுவில்தான் வரும். பதில் தெரியாது. ஆனால் அந்தப் பிள்ளைகள்மேல் ஆசை, அவ்வளவுதான், பைத்தியக்கார ஆசை, அவர்கள் மூக்கு ஒழுகினால்கூட ஆசையாக இருக்கிறது, அதற்கு மேல் விளக்கம் சொல்லத் தெரியவில்லை.

இன்றைக்குப் பேச்சித்தாயும் வரவில்லை. வரிசையில் மூன்றாவது பெயர், எப்போதும் முன்னால் உட்காருகிறவள், நீலச் சாக்கட்டியைத் தின்றுவிட்டு நாக்கை நீட்டிக் காட்டுகிறவள். அவள் அக்காதான் வந்து சொன்னாள், “அம்மை அவள வேலைக்கு வரச் சொல்லிட்டு சிஸ்டர். இனிமே வரமாட்டா.” வரமாட்டாள் என்ற வார்த்தையைக் கேட்டதும் கொட்டகையில் இருந்த பிள்ளைகள் எல்லாம் அவளை ஒரு மாதிரி பார்த்தன, கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி. நாளைக்கு முதல் வேலையாக அந்த அம்மையைப் போய்ப் பார்க்கவேண்டும், கோவிலுக்கு வரும்போது மதரும் கேட்க ஜாய்ஸிடம் அப்படித்தான் சொன்னார், போய்க் கெஞ்சப்போகிறேன் என்று. சண்டை போடக்கூடாது, கெஞ்சவேண்டும், கெஞ்சுவதில் எமரென்சியாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நாளைக்கு. நாளைக்கு இங்கே இருந்தால். மதர் நாளைக் காலையில் திரும்புகிறார், கார் நிற்கிறது, காரில் பின் சீட்டு காலியாக இருக்கிறது, காலி சீட்டு எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. ஐந்தாவது சொல்லியாயிற்று, சிலுவையில் அறையுண்டு, உயிர் விட்டு, பத்தும் சொல்லியாயிற்று, எப்படிச் சொன்னோம் என்று தெரியவில்லை, வாய் சொல்லியிருக்கிறது. ஜெபமாலை முடிந்தே விட்டது. ஜாய்ஸ் பக்கத்திலிருந்து ஒரு சின்னப் பெருமூச்சு கேட்டது. இனிப் பிரார்த்தனை ஒன்றுதான் பாக்கி.

இந்த மடத்தில் மாதா பிரார்த்தனையைப் புத்தகம் பார்த்துச் சொல்லுகிற வழக்கமில்லை. முன்னால் நிற்கிறவர் மாதாவுக்கு உள்ள பட்டங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடவேண்டும், மற்றவர்கள் ஒவ்வொன்றுக்கும் “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று சொல்லவேண்டும். புத்தகத்தைக் கையில் எடுத்தாலே மதருக்கு விஷயம் விளங்கிவிடும். அதெல்லாம் வேண்டியதில்லை, எமரென்சியாவுக்கு இது அம்மையிடம் பாடமானது, அம்மை கடற்கரையில் மீன் உலர்த்திக்கொண்டே சொல்லுவாள், ஒரு மீனுக்கு ஒரு பட்டம், காக்கையை விரட்டுவது நடுவில். தொடங்கினார். தொண்டை நன்றாக ஒத்துழைத்தது. ஞானம் நிறைந்த இருப்பிடமே. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். தாவீதின் உப்பரிகையே. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். கூப்பிடுவதும் பதில் வருவதும், கூப்பிடுவதும் பதில் வருவதும், என்ன ஒரு சுகம், அலை வந்து வந்து போகிற மாதிரி. பரலோகத்தின் வாசலே. விடியற்காலத்தின் நட்சத்திரமே. பேச்சித்தாய் விடியற்காலையில் எழுந்து போகவேண்டும், அந்தக் குளிரில், வெறுங்காலோடு. வியாதிக்காரரின் ஆரோக்கியமே. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். பாவிகளின் அடைக்கலமே. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். துன்பப்படுவோரின் தேற்றரவே. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். மாரிக்கனி. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். எஸ்தர் ராணி. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். பேச்சித்தாய். எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். சுடலைமணி. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். அந்தோணிப் பிச்சை. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். உச்சிமாகாளி.

உச்சிமாகாளிக்குப் பாதிப்பேர்தான் வேண்டிக்கொண்டார்கள். மீதிப்பேர் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார்கள், ஆக்னஸ் களுக் என்று சிரித்து அதை முந்தானையில் அமுக்கினாள், ஜாய்ஸ் “மாதாவே” என்றாள், அது செபமில்லை. மின்விசிறிச் சத்தம். எமரென்சியாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை, உச்சிமாகாளி ஏன் உள்ளேன் சொல்லவில்லை, சாயங்காலம்கூடப் பார்த்தேனே என்றுதான் நினைத்தார். பிறகு மெழுகுதிரி தெரிந்தது, பீடம் தெரிந்தது, மாதா சுரூபம் தெரிந்தது, கொட்டகை இல்லை. போயிற்று. எல்லாம் போயிற்று. எங்கே விட்டோம், எங்கே? தேற்றரவுக்கு அடுத்தது என்ன? இராக்கினிகள், அரசிப் பட்டங்கள் வரவேண்டும், என்னவோ ஒரு இராக்கினி, யாருடைய இராக்கினி, அம்மா, காக்கையை விரட்டிவிட்டு அடுத்து என்ன சொல்லுவாய், சொல்லேன். ஒன்றும் வரவில்லை. அந்த இடத்தையும் யாரோ கத்திரித்துக்கொண்டு போய்விட்டார்கள். வேறொரு வழி இருக்கிறது, நேரே கடைசிக்குப் போய்விடலாம், உலகத்தின் பாவங்களைப் போக்குகிற செம்மறியே என்று தொடங்கினால் எல்லாரும் பிடித்துக்கொள்வார்கள், ஏதோ வாய் தடுமாறிவிட்டது, வயசு, சூடு, ஜாய்ஸ் எப்படியாவது சமாளித்துப் பேசிவிடுவாள். செம்மறி ஞாபகம் இருக்கிறது. நாக்கு நுனியில் நிற்கிறது. சொல்லு எமரென்சியா, சொல்லித் தப்பித்துக்கொள். ஆனால் உச்சிமாகாளியோடு வரிசை நின்றுவிட்டால்? அதற்கு அப்புறம் பேச்சிராஜ் இருக்கிறான், ஜெபசீலி இருக்கிறாள், அவர்களுக்கும் அப்புறம் கடைசியில் இருக்கிறவர்கள், தீப்பெட்டிக்குப் போனவள், ஐஸ் கம்பெனிக்குப் போனவன், உப்பளத்திலேயே நின்றுபோனவர்கள். பெயர் கூப்பிடத் தொடங்கினால் நடுவில் நிறுத்துகிற பழக்கம் ஒரு நாளும் கிடையாது. மழையில் கொட்டகை ஒழுகின அன்றைக்கும் கடைசிப் பெயர் வரைக்கும் கூப்பிட்டுவிட்டுத்தான் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார். அவர்களை விட்டுவிட்டுத் தான் மட்டும் தப்பித்து இங்கேயே இருந்து என்ன செய்வது, எந்த முகத்தோடு நாளைக்கு அந்தக் கொட்டகையில் போய் நிற்பது? மாதாவே, நீர் கோபித்துக்கொள்ளமாட்டீர், உமக்கும் பிள்ளை இருந்தான். எமரென்சியா தொண்டையைச் செருமிக்கொண்டார், இந்தத் தடவை நிஜமாகவே.

“பேச்சிராஜ்,” என்றார்.

யாரும் பதில் சொல்லவில்லை. பரவாயில்லை. பதில் வராவிட்டாலும் பெயர் பெயர்தான். ஜெபசீலி என்று சொல்ல வாயெடுத்தபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒற்றைக் குரல் வந்தது, கொஞ்சம் கரகரப்பான, அவசரமில்லாத குரல், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று. மதரின் குரல். கேலியா, கோபமா, நோயாளிக்கு ஒத்துப் பேசுகிற தயவா, ஒன்றும் தெரியவில்லை, தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. ஜெபசீலி என்றார். இந்தத் தடவை ஜாய்ஸும் சேர்ந்துகொண்டாள், அடுத்ததற்கு மற்றவர்களும், ஆக்னஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. இசக்கிமுத்து, ரூபி, பொன்மாடத்தி, செல்வ மிக்கேல், ஒன்று விடாமல், ஒரே வரிசையில், ஒரு பெயருக்குக்கூட நாக்கு தட்டவில்லை. கடைசிப் பிள்ளைகள் வந்தார்கள், கொட்டகைக்கு வராத பிள்ளைகள், அவர்கள் ஒவ்வொருவராக இந்தக் கோவிலுக்குள் வந்தார்கள், கன்னியர்கள் அத்தனை பேரும் அவர்களிடம் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று கேட்டுக்கொண்டார்கள். உப்பு வாரி வெடித்த கையைக் கூப்பி அந்தப் பிள்ளைகள் வேண்டினால் கேட்காமல் இருக்க யாரால் முடியும் என்று எமரென்சியாவுக்குத் தோன்றியது, தோன்றியதும் கண் மறைத்தது. பெயர்கள் முடிந்தன. செம்மறி சொன்னார். சிலுவை போட்டுக்கொண்டார். பக்கத்து நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

மற்றவர்கள் சத்தமில்லாமல் எழுந்து போனார்கள். ஜாய்ஸ் போகிறபோது தோளைத் தொட்டுவிட்டுப் போனாள், அழுதிருக்கிறாள் என்று விரல் ஈரத்திலேயே தெரிந்தது. பின்னாலிருந்து செருப்புச் சத்தம் மெதுவாக வந்தது. மதர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மன்னியுங்கள் மதர் என்று சொல்லலாமா? எதற்கு மன்னிப்பு? தப்பு செய்ததற்கா, தப்பு என்று தெரிந்த பிறகும் தொடர்ந்ததற்கா?

“சிஸ்டர், என் பேரு என்ன, சொல்லுங்க பாப்போம்,” என்றார் மதர்.

எமரென்சியா திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். தெரிந்த முகம். ஒரே மடத்தில் நாலைந்து வருஷம் சேர்ந்து இருந்திருக்கிறார்கள், இவருக்கு ஒரு தடவை அம்மை போட்டபோது வேப்பிலை கொண்டுவந்து கொடுத்தது எமரென்சியாதான், அந்த வேப்ப மரம் தெரிகிறது, அது நின்ற மதில் தெரிகிறது. பெயர் இல்லை. இதற்காகத்தானே வந்தார், கேட்டுவிட்டார், இனிச் சொல்ல என்ன இருக்கிறது. ஏதாவது ஒரு புனிதையின் பெயரைச் சொல்லிப் பார்க்கலாம், தெரேசா என்றால் பாதிக் கன்னியருக்குப் பொருந்தும். ஏற்கெனவே ஒரு பொய் இருமல் கணக்கில் இருக்கிறது.

“தெரியல மதர்,” என்றார். “உங்களைத் தெரியுது. பேரு வரல.”

மதர் தலையை ஆட்டிக்கொண்டார், எதையோ உறுதி செய்துகொண்ட மாதிரி. “லெயோனி,” என்று சிரித்தார். “லெயோனி மரி. பரவாயில்ல. என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட இப்ப யாரு இருக்கா, எல்லாருக்கும் மதர்தான்.” பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு எமரென்சியாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். “சிஸ்டர், நான் ஒளிச்சுப் பேச விரும்பல. இது இன்னும் கூடத்தான் செய்யும். குறையாது. உப்பளத்துல எல்லா வரப்பும் ஒண்ணு போலதான் இருக்கும், மதியம் கார்ல வரும்போது நான் பாத்தேன். ஒரு நாள் வகுப்பு முடிச்சு வெளிய வருவீங்க, மடம் எந்தப் பக்கம்னு தெரியாது. அன்னைக்கு என்ன செய்வீங்க?”

இதற்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இவ்வளவு படித்தவர், இத்தனை மடங்களை நடத்துகிறவர், இதைப் போய்க் கேட்கிறாரே என்று எமரென்சியாவுக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது.

“அன்னைக்குப் பிள்ளைங்க கூட்டியாந்து விடுவாங்க மதர்.”

மதர் பீடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார், கையை மட்டும் விடவில்லை. வெளியே சாப்பாட்டு மணி அடித்தது, தட்டுகள் வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அவர் முழங்காலில் கையூன்றி எழுந்துகொண்டார், எமரென்சியாவையும் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

“நாளைக்கு அந்தப் பேச்சித்தாய் வீட்டுக்கு நானும் வாரேன்,” என்றார். “எனக்கும் கெஞ்சத் தெரியும்.”